கூரையேறும் ஆட்களுக்கு யார் பயிற்சி கொடுப்பது? நான்கு வழிகளும் அவற்றின் கணக்கும்

“எங்க ஆளுங்க எல்லார் பாக்கெட்லயும் ஓஷா 10 கார்டு இருக்கு. இன்னும் என்ன பயிற்சி வேணும்கறாங்க?”

நியூ ஜெர்சியில் கூரை வேலையும் சோலார் பொருத்தும் வேலையும் எடுத்துச் செய்கிற நண்பர் ஒருவர் போனில் இப்படித்தான் ஆரம்பித்தார். ஓஷா என்பது வேலையிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பு. ஓஷா 10 அதன் பத்து மணி நேர வகுப்பு, முடித்தவருக்கு ஒரு கார்டு கிடைக்கும். அவரிடம் பதினான்கு ஆட்கள். பாதிக்கு மேல் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள். பள்ளிக்கூடம் ஒன்றின் கூரை வேலை கைக்கு வரும் நேரத்தில், ஒவ்வொரு ஆளுக்கும் ஃபால் புரொடெக்‌ஷன் (உயரத்திலிருந்து விழாமல் தடுப்பது) பயிற்சிச் சான்று வேண்டும் என்று, மொத்த வேலையையும் எடுத்திருந்த ஜெனரல் கான்ட்ராக்டர் கேட்டுவிட்டார். நண்பர் கார்டுகளை ஸ்கேன் எடுத்து அனுப்பினார். ‘நாங்கள் கேட்டது இது இல்லை’ என்று பதில் வந்தது.

இங்கே சின்ன அளவில் கான்ட்ராக்ட் எடுக்கும் நம்மவர்கள் பலர் இதே இடத்தில்தான் சிக்குகிறார்கள். கார்டு போதுமா, ஆன்லைன் வகுப்பில் முடித்துவிடலாமா, வெளியாளைக் கூப்பிட்டு நடத்தலாமா, நாமே சொல்லிக்கொடுத்தால் செல்லுமா? நான்கில் எதையும் தவறு என்று ஒதுக்க முடியாது. ஆனால் சட்டம் எதில் கறாராக இருக்கிறது, எதில் தளர்வாக இருக்கிறது என்று தெரியாமல் தேர்ந்தெடுத்தால் பணமும் போகும், பாதுகாப்பும் வராது.

## முதலில், சட்டம் கேட்பது என்ன

கட்டுமானத்தில் பொதுவாக 6 அடி (1.8 மீட்டர்) அல்லது அதற்கு மேல் விழ வாய்ப்புள்ள இடத்தில் ஆள் நின்றால் தடுப்பு ஏற்பாடு வேண்டும். அந்த ஆபத்துக்கு ஆளாகக்கூடிய ஒவ்வொருவருக்கும் பயிற்சியும் வேண்டும். பயிற்சியைப் பற்றிய ஓஷா விதியின் எண் 1926.503. இது 1995 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிறது. படிக்க ஒரு பக்கம்கூட வராது.

பயிற்சியைக் கொடுப்பவர் ‘காம்பிடென்ட் பர்சன்’ ஆக இருக்க வேண்டும், அதாவது ஆபத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர், அதைச் சரிசெய்ய அதிகாரமும் உள்ளவர். அந்த வேலையிடத்தில் எங்கே விழலாம், தடுப்புகளை எப்படிக் கட்டுவது, பார்த்துச் சோதிப்பது, கழற்றுவது, ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை), கைப்பிடி வேலி, வலை இவற்றை எப்படிப் பயன்படுத்துவது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காகிதம் என்று பார்த்தால் சட்டம் கேட்பது மூன்றே விஷயம்: பயிற்சி பெற்றவரின் பெயர், தேதி, பயிற்சி கொடுத்தவர் அல்லது முதலாளியின் கையெழுத்து. அவ்வளவுதான். முத்திரையும் வேண்டாம், பிளாஸ்டிக் கார்டும் வேண்டாம், கியூஆர் கோடும் வேண்டாம்.

கவனித்தீர்களா? காகிதத்தில் சட்டம் தாராளமாக இருக்கிறது, பயிற்சி கொடுக்கும் ஆளிடம்தான் கறாராக இருக்கிறது. நாமோ தலைகீழாகச் செய்கிறோம். பளபளப்பான சான்றிதழைக் காசு கொடுத்து வாங்குகிறோம். சொல்லிக்கொடுத்தவர் நம் கூரையைக் கண்ணால் பார்த்தாரா என்று கேட்பதில்லை.

நியூ ஜெர்சியில் தனியார் நிறுவனங்களுக்கு மத்திய ஓஷாவின் விதிகளே பொருந்தும். கலிபோர்னியா, வாஷிங்டன், மிச்சிகன் போன்ற மாநிலங்கள் சொந்தத் திட்டம் வைத்திருக்கின்றன. அங்கே விதிகள் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். உதாரணத்துக்கு, 10 அடிக்கு மேல் என்றால் அந்த வேலையிடத்துக்கென்றே எழுதிய திட்டம் வேண்டும் என்கிறது வாஷிங்டன் மாநிலம். அங்கே இருப்பவர்கள் கீழே உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயம். நம் வேலையிடத்துக்கும் நம் கருவிக்கும் பொருந்துகிறதா என்பது முதலாவது. ஆட்களுக்குப் புரியும் மொழியில் நடக்கிறதா என்பது அடுத்தது. கையால் தொட்டு, மாட்டி, கழற்றிப் பழகினார்களா? திங்கட்கிழமை காலையில் புதிதாக வந்து நிற்கும் ஆளை என்ன செய்வது? கடைசியாக, பயிற்சி நேரத்துச் சம்பளத்தையும் சேர்த்தால் மொத்தச் செலவு எவ்வளவு?

இந்தச் சம்பளத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். முதலாளி கட்டாயமாக்கும் பயிற்சி, கூலிச் சட்டப்படி வேலை நேரம்தான். ஆளுக்கு மணிக்கு 32 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பதினான்கு பேருக்கு நான்கு மணி நேரப் பயிற்சி என்றால் 1,792 டாலர், வகுப்புக் கட்டணம் இதில் சேராது. ‘வீட்டில் உட்கார்ந்து ராத்திரி முடித்துவிட்டு வா’ என்று சொல்லி இதைத் தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது கூலி வழக்காகத் திரும்பி வரும்.

மொழி விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் புரியும் சொற்களிலும் பயிற்சி இருக்க வேண்டும் என்று 2010-இல் ஓஷாவின் தலைவராக இருந்த டேவிட் மைக்கேல்ஸ் தன் ஆய்வாளர்களுக்கு எழுத்தில் உத்தரவிட்டார். அன்றாட வேலையை ஸ்பானிஷில் ஏவுகிறீர்கள் என்றால் பயிற்சியும் ஸ்பானிஷில்தான் நடக்க வேண்டும். படிக்கத் தெரியாதவரிடம் தாளை நீட்டினால் அது பயிற்சி ஆகாது.

நான் ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பயிற்சியாளர் நல்ல அனுபவசாலி. நான்கு மணி நேரமும் ஆங்கிலம். எல்லாரும் தலையாட்டினார்கள், எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். மறுநாள் காலை சைட்டில் பார்த்தால் ஒருவர் ஹார்னஸின் தொடைப் பட்டையைப் பூட்டாமல் ஏணியில் கால் வைத்துவிட்டார். அந்தக் கோலத்தில் விழுந்தால் ஹார்னஸ் கயிற்றில் தங்கும், ஆள் உருவிக்கொண்டு கீழே போய்விடுவார். அவர் பெயரிலும் ஃபைலில் ஒரு சான்று இருந்தது.

## வழி 1: இருக்கிற கார்டையும் பழைய பயிற்சியையும் நம்புவது

ஓஷா 10 என்பது பொது அறிமுகம். கட்டுமானத்தில் அதிகம் பேரைக் கொல்லும் நான்கு ஆபத்துகளில் விழுவதும் ஒன்று என்பதால் அதைப் பற்றியும் அதில் பாடம் உண்டு. ஆனால் ஓஷாவே தெளிவாகச் சொல்லிவிட்டது: மத்தியச் சட்டத்தில் அந்த வகுப்பு கட்டாயம் இல்லை, குறிப்பிட்ட விதிகள் கேட்கும் பயிற்சிக்கு அது ஈடும் இல்லை. நண்பருடைய ஸ்கேன்கள் திரும்பி வந்தது இதனால்தான்.

அதற்காகக் கார்டைத் தூக்கிப்போட வேண்டாம். நெவாடாவில் கட்டுமானத் தொழிலாளி வேலையில் சேர்ந்த 15 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும். நியூயார்க், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் அரசு வேலைகளுக்கு அதைக் கேட்கிறார்கள். அங்கெல்லாம் அது சைட்டுக்குள் நுழையும் அனுமதி. நுழைந்த பிறகு கூரையில் ஏறத் தனிப் பயிற்சி வேண்டும். செலவும் சின்னது இல்லை: ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரத்துக்கு மேல் நடத்தக்கூடாது என்பதால் எப்படியும் இரண்டு நாள் போகும். மேலே போட்ட கணக்கில் பதினான்கு பேருக்குச் சம்பளம் மட்டும் 4,480 டாலர்.

முந்தைய முதலாளி கொடுத்த பயிற்சி வேறு கதை. அதை ஏற்றுக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அப்படி ஏற்றால் உங்கள் பதிவில் எழுத வேண்டியது அவர் அங்கே பயின்ற தேதி இல்லை. அது போதுமானது என்று நீங்கள் தீர்மானித்த தேதி. இந்த ஒரு வரியைத் தவறவிட்ட ஃபைல்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தேதி மாற்றம் சின்னதாகத் தெரியலாம், ஆனால் அது பொறுப்பை உங்கள் மேல் வைக்கிறது. தீர்மானித்தேன் என்றால் எப்படித் தீர்மானித்தீர்கள்? ஹார்னஸ் மாட்டச் சொல்லிப் பார்த்தீர்களா, ஆங்கர் (ஹார்னஸ் கயிற்றைக் கட்டும் பிடிமானம்) எங்கே போடுவாய் என்று கேட்டீர்களா?

அனுபவமுள்ள ஆள், அதே மாதிரி வேலை, அதே மாதிரி கருவி என்றால் இந்த வழி மிக மலிவு. அரை மணி நேரம் அவரைச் சோதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வீட்டுக் கூரையில் பத்து வருஷம் ஷிங்கிள் அடித்தவரை ஸ்கைலைட் (வெளிச்சத்துக்காகக் கூரையில் வைக்கும் ஜன்னல்) நிறைந்த கிடங்குக் கூரையில் ஏற்றும்போது இதை நம்பக்கூடாது. ஸ்கைலைட் ஒவ்வொன்றும் சட்டப்படி ஒரு ஓட்டை. அது அவருக்குப் பழக்கப்பட்ட ஆபத்து இல்லை.

## வழி 2: ஆன்லைன் வகுப்பு

விலை குறைவு, உடனே சான்றிதழ், மழை நாளில்கூட முடிக்கலாம். ஸ்பானிஷிலும் கிடைக்கும். அடிப்படையைச் சொல்லித்தர இதைவிட வசதியான வழி இல்லை என்றே சொல்வேன். ஹார்னஸுடன் ஆள் 6 அடிக்கு மேல் தடையின்றி விழாதபடி கட்ட வேண்டும். தனி ஆங்கர் என்றால் ஆளுக்கு 5,000 பவுண்ட் தாங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் மாட்டுவதற்கு முன் பட்டைகளைச் சோதிக்க வேண்டும். இவற்றைப் படம் போட்டுக் காட்டினால் மனதில் நிற்கும்.

ஆனால் இது பாதிக் கிணறு. தானே பார்த்து முடிக்கும் கணினி வகுப்பு மட்டும் போதாது, கேள்வி கேட்டுப் பதில் பெற வழி இருக்க வேண்டும், கருவியைக் கையால் பழகவும் வேண்டும் என்று ஓஷா தன் விளக்கக் கடிதங்களில் சொல்லியிருக்கிறது. திரையில் வருகிற ஆங்கர் வேறு, உங்கள் வண்டியில் கிடக்கும் ஆங்கர் வேறு. அப்புறம், ஆறு ஆட்களின் வகுப்பை ஒரே ஆள் தன் செல்போனில் வரிசையாகக் கிளிக் செய்து முடித்த கதை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதில்லை.

அதனால் ஆன்லைனை வாங்கினால் கூடவே சைட்டில் ஒரு மணி நேரக் கைப்பயிற்சியையும் செலவில் சேருங்கள். அதை யார் நடத்துவார்? உங்கள் காம்பிடென்ட் பர்சன்தான். அப்படிப்பட்ட ஒருவர் உங்களிடம் இல்லையென்றால் இந்த வழி உங்களுக்கு இல்லை. இருந்தால், வழி 4-இன் வேலையைக் குறைக்கும் துணையாக இது நன்றாகவே உதவும்.

## வழி 3: வெளிப் பயிற்சியாளரை நேரில் அழைப்பது

நான்கில் காசு அதிகம் கேட்பது இது. சரியாகச் செய்தால் பலனும் அதிகம். நல்ல பயிற்சியாளர் உங்கள் ஆட்கள் கண்டுகொள்ளாமல் விட்டதைக் கண்டுபிடித்துவிடுவார்: வெயிலில் வெளுத்துப்போன பட்டை, அவசரத்துக்கு ஆங்கராக்கிய காற்றுப்போக்கிக் குழாய், கூரை விளிம்புக்கும் தரைக்கும் இடையே இருக்கும் உயரம். கடைசியாகச் சொன்னது முக்கியம். விழுந்த ஆளைக் கயிறு பிடித்து நிறுத்துவதற்குள் அவர் தரையைத் தொட்டுவிட்டால் ஹார்னஸ் போட்டும் வீண். ஒரு மாடி வீட்டில் இது அடிக்கடி நடக்கக்கூடியது.

அழைப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். எங்கள் சைட்டில் நடத்துவீர்களா, அல்லது உங்கள் ஹாலிலா? எங்கள் கருவியை வைத்து நடத்துவீர்களா? எங்கள் ஆட்களின் மொழியில் நடத்துவீர்களா? மொழிபெயர்ப்பாளரை வைத்து நடத்தினால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், சம்பளக் கணக்கும் அதன்படி ஏறும்.

அவர் போன பிறகுதான் இதன் மறைமுகச் செலவு தெரியும். இரண்டு வாரம் கழித்துப் புதிய ஆள் வந்தால் ஒருவருக்காக மறுபடி அழைக்க முடியாது. மறுபயிற்சி விஷயத்திலும் இதே சிக்கல். ‘வருஷத்துக்கு ஒரு தடவை’ என்று இந்த விதியில் எங்கும் இல்லை. வேலையிடம் மாறினால், கருவி மாறினால், அல்லது ஆளுக்குச் சரியாகப் புரியவில்லை என்று அவர் நடத்தையிலிருந்து தெரிந்தால் மறுபயிற்சி கொடுக்க வேண்டும். மூன்றாவது காரணம் எந்த நாளும் வரலாம். கொக்கி மாட்டாமல் விளிம்பில் நிற்கும் ஆளை இன்று மதியம் பார்த்தால் இன்றே இறக்கிச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அடுத்த மாத வகுப்புக்குக் காத்திருக்க முடியாது.

உங்களிடம் தகுதியானவர் யாருமே இல்லையென்றாலும், இதுவரை செய்யாத வேலையில் இறங்கினாலும், புதுக் கருவி வாங்கினாலும் இந்த வழிதான்.

## வழி 4: நம் ஆளே நடத்துவது

சட்டம் இதைத் தாராளமாக அனுமதிக்கிறது. தனி உரிமம் எதுவும் கேட்பதில்லை. பெயர், தேதி, கையெழுத்து உள்ள உங்கள் சொந்தத் தாளே சான்று. சின்ன நிறுவனத்துக்கு நீண்ட நாளில் இதுவே சரி என்பது என் கட்சி. ஆனால் இதைத் தப்பாகச் செய்கிறவர்கள்தான் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

காம்பிடென்ட் பர்சன் என்பதற்குச் சட்டத்தில் இரண்டு கால்கள். இருக்கிற ஆபத்தையும் வரப்போகிற ஆபத்தையும் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். அதை உடனே சரிசெய்ய அதிகாரமும் இருக்க வேண்டும். இரண்டாவதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஒரு நிறுவனத்தில் ஃபோர்மேன் பெயரைத் தாளில் எழுதி வைத்திருந்தார்கள். காற்று பலமாக வீசினால் வேலையை நிறுத்துவீர்களா என்று அவரைக் கேட்டேன். “முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்பேன்” என்றார். அந்தப் பதிலோடு அவர் தகுதி போய்விட்டது. அறிவு குறைவால் இல்லை. முதலாளி அதிகாரத்தைக் கையை விட்டு விடவில்லை.

அடுத்தது நேரம். சொல்லிக்கொடுக்கும் ஃபோர்மேன் அந்த நேரம் வேலை பார்க்க மாட்டார். முதல் தடவை பாடத்தைத் தயார் செய்ய அவருக்கு இரண்டு மூன்று நாளாவது போகும். அதை மிச்சம் பிடிக்க நினைத்தால் பயிற்சி ‘எல்லாரும் கொக்கி மாட்டுங்கப்பா’ என்ற ஒரு வரியாகச் சுருங்கிவிடும். விழுந்து கயிற்றில் தொங்கும் ஆளை எப்படி இறக்குவது என்ற பகுதி பெரும்பாலும் விடுபடும். உடனடி மீட்புக்கு முதலாளி ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. 911-ஐ அழைப்போம் என்பதை மட்டும் ஏற்பாடாக வைத்திருப்பவர்கள், தீயணைப்பு வண்டி வந்து சேரும்வரை தொடை ரத்தக் குழாய்கள் இறுகத் தொங்கும் ஆளின் நிலைமையை யோசித்துப் பார்க்கட்டும்.

உதவி இலவசமாகவே கிடைக்கிறது. சின்ன நிறுவனங்களுக்கென்று ஓஷா நிதி கொடுத்து மாநிலங்கள் மூலம் நடத்தும் ஆலோசனைச் சேவை உண்டு. அழைத்தால் சைட்டுக்கு வந்து பார்ப்பார்கள், அபராதம் போட மாட்டார்கள், ஆய்வுப் பிரிவுக்குத் தகவல் கொடுக்கவும் மாட்டார்கள். ஒரே நிபந்தனை, அவர்கள் காட்டும் பெரிய ஆபத்துகளைக் குறித்த காலத்துக்குள் சரிசெய்துவிட வேண்டும். நம்மவர்கள் ஓஷா என்ற பெயரைக் கேட்டதும் கதவைச் சாத்துகிறார்கள். இந்த ஒரு கதவைத் திறந்து வைக்கலாம்.

## ஒரே பார்வையில்

| | கார்டு / பழைய பயிற்சி | ஆன்லைன் | வெளிப் பயிற்சியாளர் | நம் ஆள் |
|---|---|---|---|---|
| நம் சைட்டுக்குப் பொருத்தம் | குறைவு | குறைவு | நம் சைட்டில் நடத்தினால் நன்று | மிக நன்று |
| மொழி | முன்பு எப்படி நடந்ததோ அப்படி | தேர்ந்தெடுக்கலாம் | கேட்டு வாங்க வேண்டும் | அன்றாடம் பேசுவதே |
| கைப்பயிற்சி | நாம் சோதிக்க வேண்டும் | இல்லை | உண்டு | உண்டு |
| திங்கட்கிழமை வரும் புது ஆள் | அரை மணியில் சோதிக்கலாம் | பாதி முடியும் | காத்திருக்க வேண்டும் | அன்றே |
| கண்ணில் படாத செலவு | தீர்மானித்த பொறுப்பு நம்முடையது | கூடுதல் கைப்பயிற்சி | மறுபடி மறுபடி அழைப்பது | தயாரிப்பு நேரம், அதிகாரம் கொடுப்பது |

அட்டவணையில் அடங்காத ஒன்று: ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூயார்க் நகரத்தில் வேலை எடுத்தால் இந்தத் தேர்வுக்கே இடமில்லை. 2017-ஆம் ஆண்டின் 196-ஆம் உள்ளூர்ச் சட்டப்படி, அங்கே பெரிய சைட்டுகளில் தொழிலாளிக்கு 40 மணி நேரமும் சூப்பர்வைசருக்கு 62 மணி நேரமும் பாதுகாப்புப் பயிற்சி முடித்த கார்டு வேண்டும். ஐந்து வருஷத்தில் புதுப்பிக்கவும் வேண்டும். நியூ ஜெர்சி விலையில் நியூயார்க் வேலைக்கு டெண்டர் போட்டுவிட்டு இந்த நாற்பது மணி நேரச் சம்பளத்தை அப்புறம் பார்த்து முழித்தவர்கள் உண்டு.

## பதிவு: தாளா, எக்செலா, ஆப்பா

இதில் பெரிய சண்டை தேவையில்லை. பத்துப் பதினைந்து பேர் வரை தாளும் அதன் போட்டோ நகலும் போதும். சப்-கான்ட்ராக்டர்களும் தற்காலிக ஆட்களும் வந்து போகும் அளவுக்கு வளர்ந்தால் எக்செல் தேவைப்படும். ஒரே நேரத்தில் ஐந்தாறு சைட் ஓடினால் ஆப் உபயோகப்படும். மாதச் சந்தாவை நிறுத்தும்போது பழைய பதிவுகளை வெளியே எடுக்க முடியுமா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தாளில் என்ன எழுதுவது என்பது அதைவிட முக்கியம். சட்டத்துக்கு மூன்று விஷயம் போதும் என்றேன். நான் இன்னும் மூன்றைச் சேர்க்கச் சொல்வேன்: என்ன சொல்லிக்கொடுத்தோம், எந்த மொழியில், ஆள் தன் கையால் என்ன செய்து காட்டினார். காரணம் உண்டு. ஆய்வில் மாட்டும்போது ‘விதியைச் சொல்லிக்கொடுத்தோம், தொழிலாளிதான் மீறினார்’ என்று வாதிட முதலாளிக்கு இடம் இருக்கிறது. அது செல்ல நான்கும் வேண்டும்: விதி இருந்தது, அதைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தோம், மீறுகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தோம், மீறியவர் மேல் நடவடிக்கை எடுத்தோம். பெயரும் தேதியும் மட்டும் உள்ள தாளால் இரண்டாவதைக்கூட நிரூபிக்க முடியாது.

இன்னொரு பொறியும் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பாதுகாப்புக் கையேட்டைப் பதிவிறக்கி, தன் நிறுவனப் பெயரைப் போட்டு வைத்துக்கொள்கிறார்கள். அதில் ‘ஆண்டுதோறும் மறுபயிற்சி’ என்று இருக்கும். சட்டம் கேட்காததை நீங்களே எழுதி வைத்து, நீங்களே செய்யாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் எடுப்பார். செய்வதை எழுதுங்கள், எழுதியதைச் செய்யுங்கள்.

ஒவ்வொருவருக்கும் கடைசியாக நடந்த பயிற்சியின் சான்றை வைத்திருந்தால் போதும் என்பது விதி. பழையதையும் வைத்திருங்கள், இடம் அடைக்காது. ஏணிக்கும் சாரத்துக்கும் தனித்தனிப் பயிற்சி விதிகள் உண்டு. அவற்றில் எழுத்துச் சான்று வேண்டும் என்ற வரி இல்லை, ஆனாலும் நடந்ததைக் காட்ட ஒரு பதிவு இருப்பது நல்லது. ஒரே தாளில் மூன்றையும் தனி வரிகளாக எழுதி முடித்துவிடலாம்.

காயப் பதிவேட்டைப் பயிற்சிப் பதிவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். முந்தைய ஆண்டு முழுவதும் பத்துப் பேர் அல்லது அதற்குக் குறைவாக இருந்த நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. நண்பருக்குப் பதினான்கு பேர் என்பதால் இல்லை. பதிவு செய்ய வேண்டிய காயம் என்றால் ஏழு நாளுக்குள் 300-ஆம் படிவத்தில் ஏற வேண்டும், ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும், 300ஏ சுருக்கத்தைப் பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை சுவரில் ஒட்ட வேண்டும். உயிர் போனால் எட்டு மணி நேரத்துக்குள், ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்த்தால் 24 மணி நேரத்துக்குள் ஓஷாவுக்குச் சொல்ல வேண்டும். கடைசி இரண்டும் ஒரே ஒரு ஆள் வைத்திருப்பவருக்கும் பொருந்தும்.

அபராதம் எவ்வளவு என்று எல்லாரும் கேட்கிறார்கள். 2025-இல் கடுமையான மீறல் ஒன்றுக்கு உச்சம் 16,550 டாலர், தெரிந்தே செய்தாலோ திரும்பச் செய்தாலோ 1,65,514 டாலர். சின்ன நிறுவனங்களுக்குக் கணிசமான தள்ளுபடி உண்டு. விழுதல் தடுப்பு விதி பல ஆண்டுகளாக ஓஷா அதிகம் எழுதும் மீறல்களில் முதலிடத்தில் இருக்கிறது. அதன் பயிற்சி விதியும் முதல் பத்துக்குள் வந்துவிடுகிறது.

## நண்பர் என்ன செய்தார்

முதலில் வெளிப் பயிற்சியாளரை ஒரே ஒரு நாள், பள்ளிக்கூடத்துக் கூரைக்கே வரவழைத்தார். ஸ்பானிஷ் பேசுகிறவராகப் பார்த்துப் பிடித்தார். பதினான்கு பேரும் அந்தக் கூரையில், அவர்கள் ஹார்னஸிலேயே பழகினார்கள். இரண்டு ஃபோர்மேன்கள் மட்டும் அவருடன் இன்னொரு நாள் இருந்து சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். இனி வரும் ஆட்களுக்கு அவர்களே பயிற்சி தருவார்கள். அடிப்படைப் பாடத்துக்கு மட்டும் ஆன்லைன். கார்டுகளைத் தனி உறையில் போட்டு வைத்தார், நியூயார்க் வேலை வந்தால் அந்த மணி நேரங்கள் கணக்கில் சேரும்.

எல்லாவற்றுக்கும் சரி என்றவர் ஒரு இடத்தில் மட்டும் தயங்கினார். ஃபோர்மேன்கள் தன்னைக் கேட்காமல் வேலையை நிறுத்தலாம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும் என்றேன். “நாளைக்குக் காத்து அடிக்குதுன்னு சும்மா நிறுத்திட்டா?” என்றார். இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். முதல் வாரத்திலேயே ஒருவர் அரை நாள் நிறுத்திவிட்டார். நண்பர் போன் பண்ணி என்னிடம் பொரிந்து தள்ளினார். ஃபோர்மேனிடம் ஒன்றும் சொல்லவில்லையாம்.